கழுத்தில் கோழித்தோல்: மூன்று டாக்டர்கள், மூன்று பெயர்கள். எதை நம்புவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவர். கணவர் சொந்தத்தில் இல்லை, தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம். 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பதினைந்து வயதில் கழுத்தின் இரு பக்கமும் வெளிர்மஞ்சள் நிறத்தில் கடுகளவு புடைப்புகள் வந்தன. வீட்டில் வியர்க்குரு என்றார்கள், பிறகு தேமல் என்று களிம்பு போட்டார்கள். இப்போது அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் அதே புடைப்புகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அக்குள் தோல் தொங்கிவிட்டது.

முதல் தோல் டாக்டர் பயாப்ஸி எடுத்து ‘மிட்-டெர்மல் எலாஸ்டோலைசிஸ்’ என்றார். இரண்டாமவர் ‘சூடோசாந்தோமா எலாஸ்டிகம்’ என்றார். மூன்றாமவர் தொங்கும் தோலைப் பார்த்து ‘கியூட்டிஸ் லாக்ஸா’ என்றார். ஆர்1339சி என்ற ஒரு மரபணு மாற்றத்துக்குச் சோதனை செய்ததில் ‘இல்லை’ என்று வந்தது. “இது ஆஃப்ரிகானர்களுக்கு (தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளி வெள்ளையர்) வரும் நோய், உங்களுக்கு இருக்காது” என்றும் சொல்லியிருக்கிறார்கள். இடையில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், இரு கண்களின் விழித்திரைக்குப் பின்னாலும் ‘ஆஞ்சியாய்டு ஸ்ட்ரீக்ஸ்’ எனப்படும் கோடுகள் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பார்வையில் குறையில்லை. பயந்துபோய் பாலையும் தயிரையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கண் போய்விடுமா, பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வருமா, ஊரில் தம்பிக்குத் தாய்மாமா பெண்ணைப் பேசியிருக்கிறார்களே அது சரியா, மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) ‘இது அழகு சிகிச்சை’ என்று பணம் தர மறுக்கிறதே என்ன செய்வது: இவைதான் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

நோயின் பெயரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். கண்ணைப் பற்றி இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் முதலில் தெரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கண்

விழித்திரைக்கு அடியில் ‘ப்ரூக் சவ்வு’ என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. தோலுக்கு இழுபடும் தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் அதிலும் உண்டு. அதில் கால்சியம் படிந்து இறுகும்போது வெடிப்பு விழுகிறது. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் தட்டைச் சுற்றி அந்த வெடிப்புகள் கோடுகளாக ஓடும். கோடு மட்டும் இருக்கும்வரை பெரும்பாலும் பார்வை கெடாது. வெடிப்பு வழியாகப் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்தால்தான் ஆபத்து. நடுப்பார்வை சில நாட்களில், சில வாரங்களில் மங்கிவிடலாம். ‘முழுக்குருடு’ ஆகிவிடுவோமோ என்ற உங்கள் பயத்துக்குப் பதில்: இந்த நோயில் பொதுவாகப் பாதிக்கப்படுவது படிக்கவும் முகம் பார்க்கவும் வேண்டிய நடுப்பார்வை. பக்கப்பார்வை தங்கும். கசிவைச் சீக்கிரம் கண்டால் பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்ற ஊசிகளைக் கண்ணுக்குள் போட்டு நடுப்பார்வையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதமாகித் தழும்பு விழுந்துவிட்டால் ஊசி போன பார்வையைத் திருப்பித் தராது.

ஆகவே விழித்திரை நிபுணர் ஒருவரிடம் கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் விழித்திரைப் படமும் எடுக்க வேண்டும். மெடிக்கல் எய்டு ஒத்து வராவிட்டால் அரசு வழியில் பகுதி கிளினிக்கிலோ ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ பரிந்துரைக் கடிதம் வாங்கி, மெக்கார்ட் மாகாணக் கண் மருத்துவமனைக்குப் போகலாம். பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது கண் பரிசோதனை தொடர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘ஆம்ஸ்லர் கட்டம்’ என்று 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 5 மில்லிமீட்டர் கட்டங்கள் போட்டு நடுவில் புள்ளி வைத்த தாள். அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று, ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு கண் மாற்றுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். பலர் தவறுவது இங்கேதான். கோடு வளைந்தாலோ, ஒரு கட்டம் காணாமல் போனாலோ அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றோ மறுநாளோ போய்விடுங்கள்.

கண்ணில் அடி படவே கூடாது. இறுகிய சவ்வு சின்ன அடிக்கே கிழிந்து ரத்தம் கசியும். பிள்ளைகளோடு பந்து விளையாடினால் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பெயர்கள் எப்படி வந்தன

மூன்று டாக்டர்களும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான் இருந்திருக்கிறது. எலாஸ்டின் சம்பந்தப்பட்ட தோல் நோய்கள் வெளியே ஒன்றுபோலத் தெரியும். பிரிப்பது மைக்ரோஸ்கோப்பும் உடம்பின் மற்ற உறுப்புகளும்தான்.

மிட்-டெர்மல் எலாஸ்டோலைசிஸ் என்றால் நடுத்தோலில் ஒரு பட்டை முழுக்க எலாஸ்டின் இழைகளே இல்லாமல் போயிருக்கும். கால்சியம் இருக்காது, கண்ணில் ஒன்றும் தெரியாது. தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழும், மஞ்சள் புடைப்பு முக்கிய அடையாளம் அல்ல. கியூட்டிஸ் லாக்ஸாவில் இழைகள் குறைந்து சிதைந்திருக்கும். முகத்திலும் உடம்பிலும் தோல் தளர்ந்து வயதுக்கு மீறிய தோற்றம் தரும். சில வகைகளில் குடலிறக்கமும் நுரையீரல் பாதிப்பும் சேரும். உங்கள் தளர்வு மடிப்பு உள்ள இடங்களில் மட்டும் இருக்கிறது, அதுவும் புடைப்புகள் வந்து பல வருடம் கழித்து. சூடோசாந்தோமா எலாஸ்டிகத்தில் (இனி பி.எக்ஸ்.இ.) நிலைமை வேறு. அங்கே இழைகள் மறைவதில்லை. துண்டுபட்டு, திரண்டு, கால்சியம் ஏறிக் கிடக்கும். 1 முதல் 5 மில்லிமீட்டர் மஞ்சள் புடைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கழுத்துத் தோல் சிறகு பறித்த கோழியின் தோல்போல ஆகும். அக்குள், முழங்கை மடிப்பு, தொடை இடுக்கு, தொப்புளைச் சுற்றி என்று பரவும். கீழுதட்டின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அங்கேயும் மஞ்சள் படிவு தெரிகிறதா என்று.

நீங்கள் எழுதி அனுப்பிய பயாப்ஸி வரியைப் படித்தேன்: “நடுத்தோலில் எலாஸ்டின் இழைகள் துண்டுபட்டுள்ளன. சிறப்புச் சாயம் செய்யப்படவில்லை.” சிக்கல் இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. வழக்கமான சாயத்தில் எலாஸ்டின் இழைகள் சரியாகத் தெரியாது. வெர்ஹோஃப் அல்லது ஆர்சீன் சாயம் போட்டால் இழைகளின் உருவம் தெரியும். வான் கோசா சாயம் போட்டால் கால்சியம் கறுப்பாகத் தெரியும். துண்டுபட்ட இழையில் கால்சியம் இருந்தால் பி.எக்ஸ்.இ. பக்கம், இல்லாவிட்டால் மற்றவற்றின் பக்கம். இதற்கு மறுபடி தோலைக் கீற வேண்டாம். முதல் பயாப்ஸியின் மெழுகுக் கட்டியை ஆய்வகங்கள் வருடக்கணக்கில் வைத்திருக்கும். அதிலிருந்து புதுச் சீவல் எடுத்து இந்தச் சாயங்களைப் போடச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்த பயாப்ஸி புடைப்பே இல்லாத இடத்தில் எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் கழுத்துப் பக்கத்துப் புடைப்பிலிருந்து 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்ஸி மறுபடி தேவைப்படலாம். மரத்துப்போக ஊசி, ஒரு தையல், அவ்வளவுதான்.

பி.எக்ஸ்.இ.போலவே தோற்றமளிக்கும் வேறு சில நிலைகளையும் விலக்க வேண்டும். இந்திய வம்சாவளிக்கு இது முக்கியம்: பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு இதே தோல், இதே கண் கோடுகள் வரும். எனவே முழு ரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸும் வேண்டும். ஜி.ஜி.சி.எக்ஸ். என்ற வேறொரு மரபணுக் கோளாறில் பி.எக்ஸ்.இ. தோலும் பரவலான தளர்வும் ரத்தம் உறைவதில் குறையும் சேர்ந்து வரும். அக்குள் தோல் தொங்குவதால் ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை ஒன்றும் உங்களுக்குக் கேளுங்கள். இவை எதற்கும் பெரிய செலவில்லை. வயதான பெண்களின் கழுத்தில் வரும் பாப்பில்லரி டெர்மல் எலாஸ்டோலைசிஸ் என்பதும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும், ஆனால் பதினைந்து வயதில் தொடங்கிய உங்களுக்கு அது பொருந்தாது.

அளவுகோலில் வைத்துப் பார்த்தால்

பி.எக்ஸ்.இ.க்கு முதலில் 1994இல் மார்க் லெப்வோல் குழுவினர் வகைப்பாடு ஒன்றை வகுத்தார்கள். 2010இல் ஆஸ்ட்ரிட் ப்ளோம்ப் குழுவினர் அதைப் புதுப்பித்தார்கள். அதில் மூன்று பிரிவுகள்: தோல், கண், மரபணு. தோலில் பெரிய அடையாளங்கள் இரண்டு. கழுத்துப் பக்கத்திலோ மடிப்புகளிலோ மஞ்சள் புடைப்பு ஒன்று, பயாப்ஸியில் கால்சியம் ஏறித் துண்டுபட்ட இழை மற்றொன்று. கண்ணில், விழித்திரையின் ஆரஞ்சுத் தோல் தோற்றம் அல்லது பார்வைத் தட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளமுள்ள ஒரு கோடு. மரபணுவில், இந்நோய்க்குக் காரணமான ஏ.பி.சி.சி.6 மரபணுவின் இரண்டு பிரதியிலும் மாற்றம், அல்லது பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய் தனியே உறுதியாகியிருப்பது. வெவ்வேறு பிரிவுகளிலிருந்து இரண்டு பெரிய அடையாளங்கள் இருந்தால் நோய் ‘உறுதி’. ஒரே பிரிவில் இரண்டு இருந்தால் ‘அநேகமாக’ என்ற அளவில்தான் நிற்கும்.

உங்கள் கடிதத்தை இதில் வையுங்கள். கழுத்துப் புடைப்பு, தோல் பிரிவில் ஒன்று. கண்ணாடிக் கடைச் சீட்டில் கோட்டின் நீளம் ‘இரண்டு தட்டு விட்டம்’ என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். விழித்திரை நிபுணர் அதை உறுதி செய்தால் கண் பிரிவில் ஒன்று. தலசீமியாவும் மற்றதும் விலகிவிட்டால், மரபணுச் சோதனைக்குக் காத்திராமலேயே இது பி.எக்ஸ்.இ. என்று எழுதலாம். இரண்டாவது டாக்டர் சொன்னதுதான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். கையொப்பமிட வேண்டியவர், உங்களை நேரில் பார்த்து எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் தோல் நிபுணர். அரசு வழியில் டர்பனின் பெரிய மருத்துவமனையான இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்கு நேரடியாகப் போக முடியாது, கீழ்நிலை மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். போகும்போது பயாப்ஸி அறிக்கை, கண் படங்கள், ரத்த அறிக்கை மூன்றையும் கையில் கொண்டு போங்கள். முன்பு பார்த்த இடங்களில் தரமாட்டோம் என்றால், தகவல் பெறும் உரிமைக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

‘ஆஃப்ரிகானர் நோய்’ என்ற பேச்சு

இது பாதி உண்மையிலிருந்து பிறந்த தவறு. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர்களிடம் பி.எக்ஸ்.இ. கூடுதலாகக் காணப்படுவது உண்மை. சிறு எண்ணிக்கையில் வந்து குடியேறிய முன்னோரில் ஒருவரிடமிருந்த ஆர்1339சி மாற்றம் பல குடும்பங்களுக்கு இறங்கியது என்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் ஆஃப்ரிகானர்களுக்கு முதலில் அந்த ஒரு மாற்றத்தைத் தேடுவது நியாயம்தான்.

ஆனால் ஏ.பி.சி.சி.6 மரபணுவில் நோய் தரும் மாற்றங்கள் 300க்கும் மேல் தெரிந்திருக்கின்றன. எல்லா இனத்தவரிடமும் இந்நோய் உண்டு. திருநெல்வேலியில் பிறந்தவரிடம் ஆர்1339சி இல்லை என்றால், ஆர்1339சி இல்லை என்பது மட்டுமே பொருள். நோய் இல்லை என்று ஆகாது. அந்த அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மரபணுச் சோதனை மறுபடி செய்வதானால் இரண்டு விஷயம் கேளுங்கள். மரபணு முழுவதையும் வாசிக்கிறார்களா? எக்சான் (மரபணுவின் ஒரு பகுதி) 23 முதல் 29 வரையான துண்டு போன்ற பெரிய இழப்புகளைக் கண்டுபிடிக்கும் எம்.எல்.பி.ஏ. முறையும் சேர்கிறதா? இந்த மரபணுவுக்கு அதேபோன்ற இரண்டு போலி மரபணுக்கள் பக்கத்திலேயே உண்டு. தொடக்க எக்சான்களில் அவற்றை உண்மையானது என்று எண்ணித் தவறாக வாசிப்பது நடக்கும். அதனால் இதில் பழக்கமுள்ள ஆய்வகமாக இருக்க வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் கவுன்சிலில் பதிவு பெற்ற மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள்.

பால், வலிப்பொடி, ரத்தக்குழாய்

பாலையும் தயிரையும் திரும்பத் தொடங்குங்கள். இழைகளில் கால்சியம் படிவது நீங்கள் சாப்பிட்ட கால்சியம் அதிகமாகிப்போனதால் அல்ல. ஏ.பி.சி.சி.6 பெரும்பாலும் கல்லீரலில் வேலை செய்கிறது. அது சரியாக இல்லாதபோது ரத்தத்தில் பைரோபாஸ்பேட் குறைகிறது. கால்சியம் கண்ட இடத்தில் படியாமல் தடுக்கும் பொருள் அதுதான். 34 வயதுப் பெண் பாலை நிறுத்தினால் எலும்புதான் இளைக்கும். சாதாரண உணவு போதும், மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நீங்களாக எடுக்காதீர்கள்.

தலைவலிக்குக் கடையில் கிராண்ட்பா பொடியும் டிஸ்பிரினும் வாங்கிப் போடும் பழக்கம் டர்பனில் வீட்டுக்கு வீடு உண்டு. இரண்டிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. பி.எக்ஸ்.இ.யில் இரைப்பையின் ரத்தக்குழாய்கள் பலவீனமாவதால் திடீர் ரத்தப்போக்கு வரக்கூடும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபென் வகைகளும் அதைத் தூண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். மலம் தார்போலக் கறுத்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்னும், பல் பிடுங்குவதற்கு முன்னும் இந்நோயைச் சொல்லுங்கள்.

கால் ரத்தக்குழாய்களும் இறுகும். நடக்கும்போது ஆடுதசை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதென்றால் கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதத்தை அளக்கச் சொல்லுங்கள். 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பது, புகை பக்கமே போகாதது, தினமும் நடப்பது: ரத்தக்குழாய்களுக்கு இப்போது கையில் இருக்கும் உறுதியான மருந்து இதுதான். அக்குள் தோலை அறுவை செய்து இழுக்கலாம். தழும்பு அகன்றுபோவதும், தையல் வழியாகக் கால்சியம் துகள் வெளிவருவதும் நடக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அவசரமில்லை.

மெடிக்கல் எய்டு மறுத்ததற்கு ஒரு காரணம் பில்லில் எழுதிய குறியீடாக இருக்கலாம். ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் பி.எக்ஸ்.இ.யின் குறியீடு க்யூ82.8, கண் கோடுகளுக்கு ஹெச்35.3. தோல் சுருக்கம் என்ற குறியீட்டோடு போனால் அழகு சிகிச்சை என்றுதான் திரும்பும். சரியான குறியீடும், கண் ஆபத்தை விளக்கும் மோட்டிவேஷன் கடிதமும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் செய்யலாம்.

பிள்ளைகளும் தம்பியும்

1970களில் இந்நோயை நான்கு வகையாகப் பிரித்து, அதில் இரண்டு ஓங்கு பண்பாக, அதாவது பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இறங்குவதாக எழுதினார்கள். நீங்கள் படித்தது அந்தப் பழைய வகைப்பாடு. 2000இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இது ஒடுங்கு பண்பு, அதாவது மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் என்பதும், இரண்டு தலைமுறையில் தெரிந்த குடும்பங்களில் பெரும்பாலும் நோயாளி ஒருவர் ஒரு பழுதுப் பிரதி மட்டும் கொண்ட, அதை அறியாத ‘கடத்தி’ ஒருவரை மணந்திருக்கிறார் என்பதும் தெளிவாயின.

அதன்படி, உங்களுக்கு இருப்பது பி.எக்ஸ்.இ.தான் என்றால் உங்கள் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. உங்கள் இரண்டு பிள்ளைகளும் உங்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பழுதுப் பிரதியைப் பெற்ற கடத்திகள், இது நிச்சயம். நோய் வரவேண்டுமானால் உங்கள் கணவரும் கடத்தியாக இருக்க வேண்டும். இந்நோய் 25,000 முதல் 1,00,000 பேரில் ஒருவருக்கு என்று கணக்கிடப்படுகிறது. அப்படியானால் சுமார் 80 முதல் 160 பேரில் ஒருவர் கடத்தி. உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆபத்து அதில் பாதி: 160 முதல் 320இல் ஒன்று. இப்போதே அவர்கள் ரத்தத்தைச் சோதிக்க வேண்டியதில்லை. பதின்வயதில் கழுத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

தம்பி விஷயம் வேறு. 26 வயதில் அவர் கழுத்து சுத்தமாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் கண்ணையும் ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். நோய் இல்லையென்றால் அவர் கடத்தியாக இருக்க வாய்ப்பு 3இல் 2. உங்கள் அம்மா கடத்தி, ஆகவே தாய்மாமா கடத்தியாக இருக்க 2இல் 1, மாமா பெண்ணுக்கு 4இல் 1. இருவரும் கடத்தியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் 4இல் 1. தம்பியின் 3இல் 2, பெண்ணின் 4இல் 1, குழந்தையின் 4இல் 1 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 24இல் ஒன்று. அதே தம்பி சொந்தத்துக்கு வெளியே மணந்தால் சுமார் 480 முதல் 960இல் ஒன்று. வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் 24இல் 23 பங்கு குழந்தைக்கு இந்நோய் இல்லை. வந்தாலும் பி.எக்ஸ்.இ. பெரும்பாலும் ஆயுளைக் குறைக்கும் நோயல்ல. சம்பந்தத்தை முறிக்க இது மட்டும் காரணமாகாது என்பது என் கருத்து.

உங்கள் முழு மரபணுச் சோதனை உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். உங்கள் இரண்டு மாற்றங்களும் தெரிந்துவிட்டால், அம்மாவின் ரத்தத்தில் பார்த்து எது அம்மா வழி என்று பிரிக்கலாம். மாமா பெண்ணுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் சோதித்தால் போதும், தம்பிக்கு இரண்டையும். இருவரில் ஒருவரிடம் இல்லையென்றால், 24இல் ஒன்று என்ற கணக்கு வெகுவாக இறங்கிவிடும். இருவரிடமும் இருந்தால் 4இல் 1 என்று தெரிந்துகொண்டே அவர்கள் முடிவு செய்யலாம். அறிக்கை வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நிச்சயதார்த்தத் தேதியை அதற்கேற்பத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். தம்பியிடம் நீங்களே போன் பண்ணிப் பேசுங்கள். அந்தப் பெண்ணிடம் தம்பியே நேரில் சொல்லட்டும். பெரியவர்கள் வழியாகப் போனால் மாமா வீட்டில் அது வேறு கதையாகத்தான் போய்ச் சேரும்.